பிளாஸ்மா 6க்கு மாறிய பின்: தமிழ்த் தட்டச்சு, விட்ஜெட்டுகள், வேலண்ட் அமர்வு

பக்கக்கட்டு எழுதியது (மார்ச் 2024)

அனைவருக்கும் வணக்கம்.

பிப்ரவரி 28 அன்று கேடிஇ குழுவினர் லினக்ஸ் பணிமேடைச் சூழலான பிளாஸ்மா 6.0, நிரல் நூலகங்களான ஃபிரேம்வொர்க்ஸ் 6, செயலித் தொகுப்பான கியர் 24.02 ஆகிய மூன்றையும் ஒரே நாளில் வெளியிட்டார்கள். என் மடிக்கணினியில் இருப்பது தொடர்ந்து புதுப்பிக்கப்படும் வகையைச் சேர்ந்த ஒரு லினக்ஸ் வழங்கல். ஆகவே மார்ச் நடுவில் வழக்கமான புதுப்பிப்போடு பிளாஸ்மா 5.27 போய், அதன் இடத்தில் 6.0.2 வந்து நின்றது. புத்தகப் பக்க வடிவமைப்புதான் என் தொழில். ஸ்கிரைபஸ் (பக்க வடிவமைப்புச் செயலி), லிப்ரே ஆஃபீஸ், கேட் (உரைத் திருத்தி), ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய நான்கிலும் நாள் முழுவதும் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்கிறேன். விசைகளைத் தமிழ் எழுத்தாக மாற்றித் தரும் எஃப்சிட்எக்ஸ் 5 என்ற உள்ளீட்டு முறைச் செயலி, அதனுடன் எம்17என் விசைப்பலகைத் தொகுப்பு: என் ஏற்பாடு பல காலமாக இதுதான்.

மாறிய பிறகு நான் கண்டவற்றைக் குழப்பமில்லாமல் சொல்ல முயல்கிறேன். நுழைவுத் திரையில் எதையும் தொடாமல் உள்ளே சென்றால் வேலண்ட் அமர்வு திறக்கிறது (சாளரங்களைத் திரையில் காட்டும் புதிய முறை வேலண்ட், பழையது எக்ஸ்11). சாளரங்களின் அசைவும், திரையை 125 விழுக்காட்டில் வைக்கும்போது கணினி அமைப்புகள், டால்ஃபின் (கோப்பு மேலாளர்), ஆக்குலர் (ஆவணம் காட்டும் செயலி) ஆகியவற்றில் எழுத்து தெரியும் கூர்மையும் 5.27ஐ விட வெளிப்படையாகவே மேம்பட்டிருக்கின்றன. டால்ஃபினில் ஒரு சொடுக்கில் திறந்துகொண்டிருந்த கோப்புறைகள் இப்போது இரட்டைச் சொடுக்கைக் கேட்கின்றன. பணிமேடையின் வெற்றிடத்தில் சுட்டியின் சக்கரத்தை உருட்டினால் அடுத்த பணிமேடைக்குச் செல்லும் வழக்கம் நின்றுவிட்டது. இவை பழகிவிடும், அல்லது அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

தொழிலைத் தடுப்பவை வேறு. கேட், கன்சோல் (கட்டளை முனையம்) இரண்டிலும் தமிழ் விழவில்லை. விசைப்பலகை மாற்றும் குறுக்குவழியை அழுத்தினாலும் ஆங்கில எழுத்தே வருகிறது. அதே நேரத்தில் ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபீஸ், ஸ்கிரைபஸ் மூன்றிலும் தமிழ் தடையின்றி விழுகிறது. வெளியேறி எக்ஸ்11 அமர்வில் நுழைந்து பார்த்தேன். அங்கும் கேட் தமிழை ஏற்கவில்லை. அடுத்து, பலகையில் வைத்திருந்த நாள்காட்டி விட்ஜெட்டும், இணைய வேகம் காட்டும் விட்ஜெட்டும் இருந்த இடத்தில் பிழைச் செய்தி மட்டும் இருக்கிறது. மூன்றாவதாக, கணினி அமைப்புகளில் கூர்மையாகத் தெரியும் எழுத்து ஸ்கிரைபஸில் சற்றே மங்கலாகத் தெரிகிறது. நாள் முழுவதும் எழுத்துருவின் வளைவுகளைப் பார்ப்பவனுக்கு அது உறுத்தலாக இருக்கிறது.

அலுவலகத்தில் உள்ள இன்னொரு கணினியில் டெபியன் 12 உள்ளது. அதில் பிளாஸ்மா 5.27 அமைதியாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எப்போது மாற்றுவது என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பிளாஸ்மா 6ஐ எக்ஸ்11 அமர்வில் ஓட்டிக்கொண்டு காத்திருப்பது நல்லதா, வேலண்டிலேயே இருந்து சிக்கல்களை ஒவ்வொன்றாகத் தீர்ப்பது நல்லதா? ஏற்கெனவே மாறியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.


தொகுப்பாளன் எழுதியது

வணக்கம். எக்ஸ்11 அமர்விலும் கேட் தமிழை ஏற்கவில்லை என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி பாதி வேலையை முடித்துவிடுகிறது. பிளாஸ்மா 6இல் நடந்திருப்பவை இரண்டு தனித்தனி மாற்றங்கள். ஒன்று, பிளாஸ்மாவும் கேடிஇ செயலிகளும், சாளரங்களை உருவாக்க உதவும் க்யூடி 5 நிரலகத்திலிருந்து க்யூடி 6க்குப் பெயர்ந்தது. மற்றொன்று, இயல்பான அமர்வு எக்ஸ்11இலிருந்து வேலண்டுக்கு மாறியது. இரண்டும் ஒரே நாளில் வந்ததால், எது கெட்டாலும் வேலண்டின் தலையில் கட்டிவிடும் பழக்கம் இந்த ஒரு மாதத்தில் எல்லா இடத்திலும் பரவிவிட்டது. ஒரு சிக்கல் இரண்டு அமர்விலும் இருந்தால் அது பெரும்பாலும் க்யூடி 6ஐயோ பழைய அமைவுக் கோப்புகளையோ சேர்ந்தது. வேலண்டில் மட்டும் இருந்தால்தான் அதை வேலண்ட் பக்கம் தேட வேண்டும். சோதிப்பது எளிது: வெளியேறி, நுழைவுத் திரையில் அமர்வை மாற்றி, மீண்டும் உள்ளே வந்து பார்த்தால் போதும்.

உங்கள் கேட் சிக்கல் இதில் முதல் வகை. எஃப்சிட்எக்ஸ் 5 ஒவ்வொரு நிரலகத்துக்கும் தனித்தனி இணைப்புக் கூறு வைத்திருக்கிறது: ஜிடிகேவுக்கு (க்யூடி போன்ற இன்னொரு நிரலகம்) ஒன்று, க்யூடி 5க்கு ஒன்று, க்யூடி 6க்கு ஒன்று. 5.27 காலத்தில் கேட், கன்சோல் எல்லாம் க்யூடி 5 செயலிகளாக இருந்ததால் க்யூடி 5 கூறு ஒன்றே போதுமானதாக இருந்தது. கியர் 24.02இல் அவை க்யூடி 6க்குப் போய்விட்டன. ஸ்கிரைபஸ் 1.6 இன்னும் க்யூடி 5இல் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் ஜிடிகேவைப் பயன்படுத்துகிறது, உங்கள் லிப்ரே ஆஃபீஸும் பெரும்பாலும் அப்படித்தான் நிறுவப்பட்டிருக்கும். நீங்கள் சொன்ன பட்டியலில் தமிழ் விழும் மூன்றையும் விழாத இரண்டையும் இந்தக் கோட்டில் வைத்துப் பாருங்கள், அப்படியே பொருந்துகிறது. உங்கள் வழங்கலின் தொகுப்பகத்தில் எஃப்சிட்எக்ஸ் 5இன் க்யூடி 6 கூறைத் தேடி நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். எக்ஸ்11 அமர்வில் கேட் உடனே தமிழ் பேசும்.

வேலண்ட் அமர்வுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. எக்ஸ்11இல் உள்ளீட்டு முறை என்பது எவரும் தொடங்கிவைக்கக்கூடிய ஒரு பின்னணிச் செயலி. வேலண்டில் விசைகளை முதலில் பெறுவது சாளர மேலாளரான க்வின். உள்ளீட்டு முறையையும் க்வினே தொடங்கினால்தான் அது வேலண்டின் சொந்த நெறிமுறை வழியாகச் செயலிகளோடு பேச முடியும். கணினி அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதியில் ‘மெய்நிகர் விசைப்பலகை’ என்ற பக்கம் உள்ளது. பெயரைப் பார்த்தால் தொடுதிரைக்கான அமைப்பு என்றே தோன்றும், அதனால் பலரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அங்கே எஃப்சிட்எக்ஸ் 5ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் பழைய தானியங்குத் தொடக்கத்தையே நம்பியிருந்தால், எஃப்சிட்எக்ஸ் தன்னை க்வின்தான் தொடங்க வேண்டும் என்று ஓர் அறிவிப்பைக் காட்டும். அதை அலட்சியமாக மூடிவிட வேண்டாம்.

இதனோடு, எக்ஸ்11 காலத்தில் எங்கோ எழுதிவைத்த சூழல் மாறிகளையும் (செயலிகள் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு மதிப்புகள்) தேடிப் பிடியுங்கள். ஜிடிகேவுக்கும் க்யூடிக்கும் உள்ளீட்டு முறை இன்னது என்று சொல்லும் இரண்டு மாறிகளையும் எஃப்சிட்எக்ஸ் ஆவணங்கள் பிளாஸ்மா வேலண்டில் வைக்க வேண்டாம் என்கின்றன. அவை இருந்தால் செயலிகள் வேலண்ட் நெறிமுறையை விட்டுவிட்டுப் பழைய வழியில் போகும். எக்ஸ் உள்ளீட்டுக்கான மாறியை மட்டும் விட்டுவைக்கலாம், ஏனென்றால் எக்ஸ்வேலண்ட் (வேலண்டுக்குள் எக்ஸ்11 செயலிகளை ஓட்டும் இடையீடு) வழியே ஓடும் பழைய செயலிகளுக்கு அது தேவைப்படும். குரோமியம் வகை உலாவிகள் இப்போதைக்கு இயல்பாக எக்ஸ்வேலண்டில்தான் ஓடுகின்றன. அவற்றை நேரடி வேலண்டில் ஓட்ட விரும்பினால், வேலண்ட் உள்ளீட்டு முறையை இயக்கும் விருப்பத்தைத் தொடக்கக் கட்டளையில் தனியாகச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கே தமிழ் விழாது.

எஃப்சிட்எக்ஸே வேண்டாம், கணினி அமைப்புகளில் உள்ள தமிழ்99 விசைப்பலகைத் தளவமைப்பைச் சேர்த்துக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அது வேலண்டிலும் எக்ஸ்11இலும் ஒரே மாதிரி இயங்கும் என்பது உண்மை. ஆனால் அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற வெறும் அட்டவணை. முன்னால் என்ன எழுத்து விழுந்திருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. மெய்க்குப் பின் உயிரை அழுத்தினால் உயிர்மெய்யாக இணைவதும், புள்ளி தானாக விழுவதும் எம்17என் போன்ற உள்ளீட்டு முறையில்தான் நடக்கும். நாள் முழுவதும் தட்டச்சு செய்பவருக்கு அந்த அட்டவணை மாற்றாகாது.

இரட்டைச் சொடுக்கு பற்றி ஒரு சிறு விளக்கம். கேடிஇ செயலிகள் இயல்பு மதிப்பிலிருந்து வேறுபடும் அமைப்புகளை மட்டுமே கோப்பில் எழுதிவைக்கும். நீங்கள் 5.27இல் ஒற்றைச் சொடுக்கை இயல்பாகவே ஏற்றிருந்ததால் அது எங்கும் எழுதப்படவில்லை. ஆகவே 6.0இல் இயல்பு மாறியதும் உங்களுக்கும் மாறிவிட்டது. சக்கரம் உருட்டும் செயலின் இயல்பும் 6.0இல் மாறியிருக்கிறது. கணினி அமைப்புகளில் ‘பொதுவான நடத்தை’ பக்கத்தில் ஒற்றைச் சொடுக்கையும், பணிமேடையின் சுட்டிச் செயல்கள் பக்கத்தில் சக்கரத்துக்கான செயலையும் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.


விட்ஜெட் பிரியன் எழுதியது

விட்ஜெட்டுகளைப் பற்றி நான் சொல்கிறேன். 5.27க்காக எழுதப்பட்ட விட்ஜெட் எதுவும் 6இல் மாற்றமின்றி இயங்காது. விவரக் கோப்பின் வடிவமே ஜேசன் (JSON) என்ற வடிவத்துக்கு மாறிவிட்டது. விட்ஜெட்டின் வேர்க்கூறு வேறு பெயரில் வர வேண்டும். அளவுகளும் படவுருக்களும் பிளாஸ்மா நூலகத்திலிருந்து கிரிகாமி நூலகத்துக்குப் போய்விட்டன. ஆதலால் உங்கள் இரண்டு விட்ஜெட்டுகளையும் ‘சரிசெய்ய’ முயல வேண்டாம். பலகையிலிருந்து நீக்கிவிட்டு, அவற்றை எழுதியவர்கள் 6க்கான பதிப்பை வெளியிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கேடிஇ கடையில் பிளாஸ்மா 6 விட்ஜெட்டுகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. இணைய வேகத்துக்கு வெளி விட்ஜெட்டே தேவையில்லை. பிளாஸ்மாவோடு வரும் கணினிக் கண்காணிப்பு விட்ஜெட்டில் பிணையத்தின் பதிவிறக்கம், பதிவேற்றம் இரண்டையும் உணரிகளாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

லாட்டே டாக் என்ற படவுருப் பலகைச் செயலியைப் பயன்படுத்தியவர்கள் யாராவது இந்த இழையைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு சொல்: அதன் ஆசிரியர் 2022இலேயே பணியிலிருந்து விலகிவிட்டார், பிளாஸ்மா 6க்கு அது வரவில்லை. பிளாஸ்மாவின் சொந்தப் பலகைக்கே இப்போது மிதக்கும் தோற்றமும், உள்ளடக்கத்துக்கு ஏற்பச் சுருங்கும் அகலமும், சாளரம் நெருங்கினால் ஒதுங்கிக்கொள்ளும் வழியும் கிடைத்துவிட்டதால் எனக்கு இழப்பாகத் தோன்றவில்லை. பெரிதாகி எழும்பும் படவுருக்களைக் காதலித்தவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

தீம் தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்த மாதம், மார்ச் 20ஐ ஒட்டி, கடையிலிருந்து ஓர் உலகளாவிய தீமை நிறுவிய பயனர் ஒருவரின் சொந்தக் கோப்புகளெல்லாம் அழிந்துபோன செய்தி வெளிவந்தது. கேடிஇ தரப்பிலும் அதற்கு வெளிப்படையாக விளக்கம் அளித்தார்கள். உலகளாவிய தீம் என்பது நிறங்களின் தொகுப்பு மட்டும் அல்ல. அதற்குள் விட்ஜெட்டுகளும் நிரல்வரிகளும் இருக்க முடியும், அவை உங்கள் பயனர் உரிமையோடு ஓடும், கடையில் ஏற்றப்படுபவற்றை யாரும் முன்கூட்டியே படித்துப் பார்த்து அனுமதிப்பதில்லை. 5.27க்காக எழுதப்பட்டவை 6இல் என்ன செய்யும் என்பது எழுதியவருக்கே தெரியாத இந்த வேளையில் நிறத்திட்டமும் சுவர்ப்படமும் மாற்றிக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தொழில் நடக்கும் கணினியில் உலகளாவிய தீமைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.


எக்ஸ்11வாசி எழுதியது

தொகுப்பாளன் சொன்ன பகுப்பு சரிதான், ஆனால் அதிலிருந்து எல்லோரும் வேலண்டிலேயே இருந்து சரிசெய்துகொள்ளலாம் என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. நான் பிளாஸ்மா 6இல் இருக்கிறேன், எக்ஸ்11 அமர்வில் இருக்கிறேன், இப்போதைக்கு நகர்வதாக இல்லை.

என் வேலையில் ஒரே வகைப் படிவங்களை மீண்டும் மீண்டும் நிரப்ப வேண்டும். அதற்கு ஒரு செயலியின் சாளரத்துக்குள் விசைகளைச் செலுத்தும் சிறு நிரல்களை எழுதிவைத்திருக்கிறேன். வேலண்டில் ஒரு செயலி மற்றொரு செயலியின் சாளரத்தைப் பார்க்கவோ, அதற்குள் விசை அழுத்தத்தை அனுப்பவோ முடியாதபடி அடிப்படையிலேயே தடுத்திருக்கிறார்கள். பாதுகாப்புக்காகச் செய்தது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் எக்ஸ்டூடூல் போன்ற கருவிகளை நம்பி உருவான பழக்கங்கள் அத்தனையும் அதனால் நின்றுபோகின்றன. கர்னல் மட்டத்தில் போலி விசைப்பலகை உருவாக்கும் மாற்றுக் கருவி ஒன்று உண்டு. அது எந்தச் சாளரம் முன்னால் இருக்கிறது என்று அறியாமல் விசைகளை அனுப்பும் என்பதால் படிவம் நிரப்பும் வேலைக்கு எனக்கு நம்பிக்கை வரவில்லை. கடவுச்சொல் மேலாளரின் தானியங்கித் தட்டச்சை நம்பியிருப்பவர்களுக்கும் இதே நிலைதான்.

இன்னொன்று, அமர்வு மீட்பு. எக்ஸ்11இல் கணினியை அணைத்து மீண்டும் போட்டால் திறந்திருந்த சாளரங்கள் திரும்ப வந்துவிடும். 6.0இன் வேலண்ட் அமர்வில் நேரடி வேலண்ட் செயலிகளுக்கு அது இன்னும் இல்லை. பத்துப் பன்னிரண்டு கோப்புகளைத் திறந்துவைத்து ஒரு புத்தகத்தை வடிவமைப்பவருக்கு இது சிறிய குறை அல்ல.

எக்ஸ்11 அமர்வு எல்லா வழங்கல்களிலும் தானாகவே இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். ஏப்ரலில் வரவிருக்கும் ஃபெடோரா 40இன் கேடிஇ பதிப்பில் அது இயல்பாக நிறுவப்படாது, வேண்டுபவர்கள் தனித் தொகுப்பாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவாகிவிட்டது. எனவே மேம்படுத்தும் முன், உங்கள் வழங்கல் அந்த அமர்வை எந்தத் தொகுப்பில் வைத்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். நுழைவுத் திரையில் அது இல்லையே என்று பிறகு தேடுவதைவிட அது மேல்.

டெபியன் கணினியை ஏன் அவசரமாக நகர்த்த வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை. 5.27 நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதன் 5.27.11 இந்த மாதத் தொடக்கத்தில்தான் வந்தது. டெபியன் 12இல் பிளாஸ்மா 6ஐ வெளித் தொகுப்பகங்களிலிருந்து இழுத்துப் போடும் முயற்சியில் யாரும் இறங்கக் கூடாது. அடுத்த டெபியன் வெளியீடு வரும் வரை அது அப்படியே இருக்கட்டும்.


பக்கக்கட்டு எழுதியது

மூவருக்கும் நன்றி. க்யூடி 6 கூறை நிறுவியதும் எக்ஸ்11 அமர்வில் கேட், கன்சோல் இரண்டும் தமிழை ஏற்கின்றன. பிறகு வேலண்டில் மெய்நிகர் விசைப்பலகைப் பக்கத்தில் எஃப்சிட்எக்ஸ் 5ஐத் தேர்ந்தெடுத்து, பழைய மாறிகள் இரண்டையும் நீக்கினேன். அங்கும் எல்லாச் செயலிகளிலும் தமிழ் விழுகிறது. ஃபயர்ஃபாக்ஸில் முன்பு எப்போதாவது வேகமாகத் தட்டும்போது ஓர் எழுத்து இரட்டிப்பது உண்டு. இப்போது அது நிகழவில்லை. காரணம் இந்த மாற்றம்தானா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

விட்ஜெட்டுகளை நீக்கிவிட்டேன். கணினிக் கண்காணிப்பு விட்ஜெட் இணைய வேகத்தைக் காட்டுகிறது. டெபியன் கணினியைத் தொடப் போவதில்லை.

மீதி இருப்பது ஸ்கிரைபஸ் மங்கல். எக்ஸ்11 அமர்வில் 125 விழுக்காட்டில் அது கூர்மையாகவே இருக்கிறது. தொகுப்பாளன் சொன்ன சோதனைப்படி இது வேலண்ட் பக்கத்துச் சிக்கல் ஆகிறது. ஆனால் அதே வேலண்டில் ஆக்குலர் கூர்மையாக இருக்கும்போது ஸ்கிரைபஸ் மட்டும் ஏன் மங்குகிறது? அமைப்பில் எங்காவது சரிசெய்ய முடியுமா? மடிக்கணினியோடு வெளித்திரை ஒன்றையும் 100 விழுக்காட்டில் இணைத்துப் பயன்படுத்துகிறேன் என்பதால் வேலண்டை விட மனம் வரவில்லை. எக்ஸ்11இல் இரு திரைகளுக்கும் ஒரே அளவை வைக்க வேண்டியிருக்கிறது.


தொகுப்பாளன் எழுதியது

இது இரண்டு மாற்றங்களும் சந்திக்கும் இடம். 125 விழுக்காடு போன்ற பின்ன அளவுக்கான வேலண்ட் நெறிமுறை 2022இன் இறுதியில்தான் வந்தது. க்யூடி 6 அதை 6.5 பதிப்பிலிருந்து புரிந்துகொள்கிறது, ஆகவே ஆக்குலர் நேராகவே 125 விழுக்காட்டில் வரைகிறது. க்யூடி 5க்கும் ஜிடிகே 3க்கும் முழு எண்கள் மட்டுமே தெரியும். அவை 200 விழுக்காட்டில் வரைந்து க்வினிடம் கொடுக்க, க்வின் அதை 125க்குச் சுருக்குகிறது. நீங்கள் காண்பது அந்தச் சுருக்கலின் தடம். பெரும்பாலோர் கண்ணுக்கு அது தெரியாது. எழுத்துருவின் வளைவைப் பார்த்துப் பழகிய உங்களுக்குத் தெரிகிறது.

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, ஸ்கிரைபஸை மட்டும் எக்ஸ்வேலண்டில் ஓட்டுவது. கேடிஇயின் பட்டியல் திருத்தியில் ஸ்கிரைபஸுக்கான பதிவைத் திறந்தால் சூழல் மாறிகளுக்கு ஒரு பெட்டி இருக்கும். அதில் க்யூடியை எக்ஸ்11 தளத்தில் இயங்கச் சொல்லும் மாறியை எழுதுங்கள். பிறகு கணினி அமைப்புகளில் திரைப் பக்கத்தில் ‘பழைய எக்ஸ்11 செயலிகள்’ என்ற இடத்தில் ‘செயலிகளே அளவை மாற்றிக்கொள்ளட்டும்’ என்பது தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ‘கணினி அளவை மாற்றட்டும்’ என்று இருந்தால் முன்பைவிட அதிகமாக மங்கும். எக்ஸ்வேலண்டில் ஓடும் ஸ்கிரைபஸில் தமிழ் விழ, முன்பு விட்டுவைக்கச் சொன்ன எக்ஸ் உள்ளீட்டு மாறியும், நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் க்யூடி 5 கூறும் தேவைப்படும். க்யூடிக்கான உள்ளீட்டு மாறியை ஸ்கிரைபஸின் பெட்டிக்குள் மட்டும் எழுதினால் மற்றச் செயலிகளைப் பாதிக்காது. இதில் ஒரு குறை உண்டு: 100 விழுக்காட்டில் உள்ள வெளித்திரைக்கு ஸ்கிரைபஸை நகர்த்தினால் அதன் எழுத்தும் படவுருக்களும் அங்கே தேவைக்கு மேல் பெரிதாகத் தெரியும்.

இரண்டாவது வழி எளியது. மடிக்கணினித் திரையை 100 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்து, எழுத்துருக்களின் அளவை மட்டும் கூட்டிக்கொள்வது. சுருக்கல் என்ற பேச்சே அங்கே எழாது. வெளித்திரையில் மட்டுமே ஸ்கிரைபஸைத் திறப்பவராக இருந்தால் இது எதுவுமே வேண்டாம், அங்கே அது ஏற்கெனவே கூர்மையாகத்தான் இருக்கும்.

அச்சுக்குப் போகும் வண்ணங்களைத் திரையில் பார்ப்பவர் என்பதால் இதையும் சேர்க்கிறேன். 6.0இன் வேலண்ட் அமர்வில் ஒவ்வொரு திரைக்கும் தனி வண்ணச் சுயவிவரக் கோப்பைத் திரைப் பக்கத்திலேயே கொடுக்கலாம். அப்படிக் கொடுத்துவிட்டால் திருத்தத்தை க்வின் செய்யும். ஸ்கிரைபஸின் வண்ண மேலாண்மையிலும் அதே திரைச் சுயவிவரத்தைக் கொடுத்தால் திருத்தம் இருமுறை நடக்கும். இரண்டில் ஓர் இடத்தில் மட்டும் கொடுங்கள்.


நகர்வோன் எழுதியது (ஜூலை 2024)

பழைய இழையைக் கிளறுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். தேடலில் இந்தப் பக்கம்தான் முதலில் வந்தது, இதே வழியில் எனக்கும் தமிழ்த் தட்டச்சு சரியானது. ஜூன் 18 அன்று பிளாஸ்மா 6.1 வந்த பிறகு மாறியவன் என்ற முறையில், மேலே உள்ளவற்றில் எவை பழையதாகிவிட்டன என்று குறித்துவைக்கிறேன்.

எக்ஸ்11வாசி சொன்ன அமர்வு மீட்பு 6.1இன் வேலண்ட் அமர்வில் பாதி வந்திருக்கிறது. திறந்திருந்த செயலிகள் மறுமுறை நுழையும்போது திறக்கின்றன, ஆனால் அவை இருந்த இடத்திலேயே வந்து உட்காருவதில்லை. தொலைவிலிருந்து கணினியை இயக்கும் வசதி கணினி அமைப்புகளுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. தனியுரிம வரைகலை இயக்கி வைத்திருப்பவர்களுக்கு 6.0 காலத்தில் எக்ஸ்வேலண்ட் சாளரங்கள் மினுக்கிய சிக்கல் ஒன்று இருந்தது. வரைபவரும் காட்டுபவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டிய ஒழுங்கை இயக்கி ஒரு விதமாகவும் வேலண்ட் வேறு விதமாகவும் எதிர்பார்த்ததே அதற்குக் காரணம். ‘வெளிப்படை ஒத்திசைவு’ என்ற நெறிமுறை 6.1இல் சேர்ந்திருக்கிறது. அது பலன் தர வேண்டுமானால் எக்ஸ்வேலண்ட் 24.1உம், அதே நெறிமுறையை அறிந்த புதிய இயக்கியும் உடன் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று பழையதாக இருந்தாலும் மினுக்கல் தொடரும்.

உள்ளீட்டு முறையில் ஒரு சிறு மாற்றம். ஏப்ரலில் வந்த க்யூடி 6.7 முதல், பல உள்ளீட்டு வழிகளை முன்னுரிமை வரிசையில் ஒரே மாறியில் எழுதலாம்: முதலில் வேலண்ட், கிடைக்காவிட்டால் எஃப்சிட்எக்ஸ் என்று. எக்ஸ்11, வேலண்ட் இரண்டு அமர்வுகளுக்கும் மாறி மாறிப் போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் மாறியை நீக்கிச் சேர்க்க வேண்டியதில்லை. க்யூடி 5 செயலிகள் இந்தப் புதிய மாறியைக் கண்டுகொள்ளாது, அதனால் ஸ்கிரைபஸுக்கு தொகுப்பாளன் சொன்ன தனிப்பெட்டி ஏற்பாடு இன்னும் தேவைப்படுகிறது.